நிழலை அளந்த பின் பேசுவோம்



2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், கூரை மின்தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. ஜவ்வாது மலையைச் சேர்ந்த நம்மவர்களும் தகடு வைப்பதைக் குறித்துக் கேட்கின்றனர். உடன் வரும் முறையீடு ஒன்று உண்டு: "சித்திரையில் நன்றாக வந்த மின்சாரம் மார்கழியில் குறைந்துவிட்டது." அடுத்த கணமே, பொருத்தியவர் ஏமாற்றிவிட்டார் என்றோ, அண்டை வீட்டார் மரம்தான் காரணம் என்றோ பழி எழுகிறது.

செய்தியைத் தெளிவாக விசாரியுங்கள், வீண் சந்தேகத்தை விலக்குங்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குப் போதிக்கிறது. அப்போதனை இங்கும் பொருந்தும்.

அஸர் வேளையை நிழல் கொண்டு அறியும் முறையை மத்ரஸாவில் கற்பிக்கிறோம். உச்சிநேர நிழலைக் கழித்து, நிழல் பொருளின் உயரத்தை எட்டினால் அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இருமடங்கானால் என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்து. அதே கல்வி கூரைக்கும் உதவும். நம் மலையில் சித்திரை நடுவில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நண்பகலில் நிழல் இராது. மார்கழியிலோ சூரியன் தெற்கே சாய்வதால், 10 அடி உயரத் தண்ணீர்த் தொட்டி நண்பகலிலேயே வடக்கே ஏறத்தாழ 7 அடி நிழல் வீழ்த்தும்.

தகடுகள் பெரும்பாலும் வரிசையாக ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழலும் வரிசையின் விளைச்சலைக் குறைக்கும்.

ஆகவே, மேகமற்ற ஒரு நாளில் காலை 8 முதல் மாலை 4 வரை மணிக்கொரு முறை இன்வெர்ட்டர் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். தினமும் ஒரே வேளையில் சரிந்தால் நிழலே காரணமாகலாம்; அவ்வேளையில் கூரையைப் பாருங்கள். நாள் முழுதும் குறைவெனில், தூசியும் பறவை எச்சமும் படிந்திருக்கலாம். தகடு சூடாகாத அதிகாலையில், தரையில் நின்று எட்டுமெனில் மட்டும், நீரால் கழுவுங்கள். நல்ல வெயிலில் திடீரென நின்று மீண்டும் வந்தால், மின்கம்பி அழுத்தம் உயர்ந்து இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக் கொள்வதாகவும் இருக்கலாம். அதை மின்வாரியத்திடம் கூறுங்கள். வெயில் உள்ளவரை தகட்டுக் கம்பிகளில் மின்சாரம் ஓடும். இணைப்புகளை நாமாகத் தொடுதல் ஆபத்து.

நிழல் அண்டை வீட்டுப் பலா மரத்தினுடையதாயின்? பறவையும் மனிதரும் உண்ணும் மரத்தை நட்டவருக்கு அது ஸதகா என்பது நபிமொழியின் கருத்து. அதை வெட்டச் சொல்லும் முன், நம் தகட்டை நகர்த்த முடியுமா என்று பார்ப்பதே அண்டை வீட்டார் ஹக்கைப் பேணுவதாகும். இயலாதெனில், அவர் மனமொப்பிக் கிளையைக் கவாத்து செய்யலாம்.

பொருத்துவோருக்கும் ஒரு சொல். மார்கழி நிழலைக் கணக்கிடாமல் தகடு வைப்பதும், குறையை அறிந்தும் மறைத்து விற்பதும் அமானத்துக்கு மாறானவை.

ஒளி அல்லாஹ்வின் அருட்கொடை. அதை வீணாக்காமலும், அதன் பொருட்டு உறவை முறிக்காமலும் பயன்பெற அவன் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.