லைட் அடித்தால் என்ன அர்த்தம்?

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காரில் கிளம்பினோம். லண்டனில் பத்து வருஷமாக கார் ஓட்டும் மாப்பிள்ளை, "நான் ஓட்டுறேன் மாமா" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் போக வேண்டும். ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். இங்கே எடுத்த லைசென்ஸும் செல்லுபடியில் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மகள் இளநீர் கேட்டாள். கடை எதிர்ப்பக்கம். மீடியன் இடைவெளியில் வலது பக்கம் திருப்ப நின்றோம். எதிரே திண்டிவனம் பக்கமிருந்து ஒரு ஆம்னி பஸ். தூரத்திலேயே ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தது. மாப்பிள்ளை சிரித்தபடி கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு, காரை நகர்த்தினார்!

"நிறுத்துங்க மாப்பிள்ளை!" நான் கத்திய கத்தலில் பேத்தி அழுதே விட்டாள். பஸ் எங்கள் மூக்கை உரசுவது போலப் பறந்தது.

"மாமா, அவர்தான் லைட் அடிச்சு வழி விட்டாரே?"

"வழி விடலை மாப்பிள்ளை. நான் நிக்க மாட்டேன், நீ நில்லுன்னு சொன்னார்."

இளநீர் குடித்துக்கொண்டே பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. பிரிட்டனில் எதிரே வருபவர் லைட் அடித்தால், 'நீங்க போங்க' என்று விட்டுக்கொடுப்பதாகப் பழக்கம். இத்தனைக்கும் அந்த நாட்டு விதிப் புத்தகமான 'ஹைவே கோடு', 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கச் சொல்கிறது. அடித்தால் வழி கிடைத்ததாக நினைக்காதே என்றும் எச்சரிக்கிறது. ஆனால் ரோட்டில் வண்டி ஓட்டுவது புத்தகம் அல்ல, பழக்கம்!

நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் ஹஸார்டு லைட்டும் அப்படித்தான். வண்டி பழுதாகி நின்றால் போட வேண்டியது. ஜப்பானில் வழி விட்டவருக்கு அதைப் போட்டு நன்றி சொல்கிறார்கள். நம் ஊரில் பலர் 'நேராகப் போகிறேன்' என்று சொல்ல நாற்சந்தியில் போடுகிறார்கள். பக்கத்தில் வருபவர் கண்ணுக்கு ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் தெரிந்தால்? திரும்பப் போகிறது என்று நினைத்து ஏமாந்துவிடுவார்.

ஹாரனும் அப்படியே. நம் லாரிகள் பின்னால் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதி, அடிக்கச் சொல்லிக் கேட்கின்றன. பிரிட்டனில் ஊருக்குள் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஓடும் வண்டி ஹாரன் அடிக்கக் கூடாது.

எனக்கு அதிக பயம் பேத்தியை நினைத்துத்தான். லண்டனில் ஜீப்ரா கோட்டில் கால் வைத்தால் கார் நின்றாக வேண்டும். 2022-ல் திருத்திய விதிப்படி, கடக்கக் காத்து நிற்பவருக்கே வண்டி வழி விட வேண்டும். அங்கே நான் போயிருந்தபோது, கார் எனக்காக நின்றது. நான் காருக்காக நின்றேன்! நம் சட்டமும் ஜீப்ரா கோட்டில் நடப்பவருக்குத்தான் முதல் உரிமை தருகிறது. ஆனால் அதை நம்பி விழுப்புரத்தில் குழந்தை காலை வைத்தால் என்ன ஆகும்?

லீவுக்கு வரும் பிள்ளைகளிடம் சாவி கொடுக்கும் முன் பத்து நிமிஷம் உட்கார்த்திப் பேசுங்கள். லைட் அடித்தால் நில், ஜீப்ரா கோட்டிலும் இரண்டு பக்கமும் பார். முதல் நாள் பக்கத்து சீட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கட்டும். நம் பிள்ளைகள் வெளிநாடு போகும்போதும் இதே பத்து நிமிஷம் அங்கே யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போதும் மாப்பிள்ளைதான் ஓட்டினார். எதிரே ஒவ்வொரு வண்டி லைட் அடித்தபோதும் பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அப்பா, நில்லுங்க!"