பயிற்சிப் பறப்பில் பறிபோகும் உயிர்கள்

யுத்தம் எதுவும் நடைபெறாத ஜப்பானிலும் மலேசியாவிலும், 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் நான்கு தினங்களுக்குள் 18 கடற்படையினர் உயிரிழந்தனர். எதிரியின் தாக்குதலில் அல்ல, தமது சொந்த ஹெலிகொப்டர்கள் ஒன்றோடொன்று மோதியதிலேயே அவர்கள் பலியாகினர் என்பதுதான் வேதனைக்குரியது.

ஏப்ரல் 20 ஆம் திகதி இரவு, ஜப்பானின் டொரிஷிமா தீவுக்குக் கிழக்கே நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் பயிற்சியில் ஈடுபட்டிருந்த இரு எஸ்.எச்-60கே ஹெலிகொப்டர்கள் மோதிக் கடலில் வீழ்ந்தன. அவற்றிலிருந்த எட்டுப் பேரும் உயிரிழந்தனர். அடுத்து 23 ஆம் திகதி, மலேசியாவின் லூமுட் கடற்படைத் தளத்தில், கடற்படையின் 90 ஆவது ஆண்டு நிறைவு விழாவுக்கான ஒத்திகையின்போது இரு ஹெலிகொப்டர்கள் மோதி பத்துப் பேர் பலியாகினர்.

நீர்மூழ்கியைத் தேடுவது இலகுவான காரியமல்ல. கடல் மட்டத்துக்குச் சற்று மேலே அசையாது நின்று, ஒலியுணர் கருவியை நீருக்குள் இறக்கியே அதனைத் தேட வேண்டும். தேடப்படும் நீர்மூழ்கி தப்பிவிடாதிருக்கப் பல ஹெலிகொப்டர்கள் அருகருகே இயங்க நேரிடுகின்றது. இருளில் அடுத்த ஹெலிகொப்டரின் விளக்கொளியை மாத்திரம் கொண்டு தூரத்தைக் கணிப்பது கடினம். எனவேதான், ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் பறக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ளப்படுகின்றது.

இந்தப் பாடத்தை ஜப்பான் முன்னரே கற்றிருந்தது. 2021 ஆம் ஆண்டு ஜூலையில், அமாமி ஒஷிமா தீவை அண்டிய கடலில், இதே போன்ற இரவுப் பயிற்சியில் இரு ஹெலிகொப்டர்கள் உரசிக்கொண்டன. அன்று உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை. ஆயினும் மூன்று வருடங்கள் நிறைவடைவதற்கு முன்னரே அதே தவறு எட்டு உயிர்களைக் காவுகொண்டது. கண்காணிப்புப் போதாமையும், உயர இடைவெளி பேணப்படாமையுமே காரணங்கள் என விசாரணையில் தெரியவந்தது.

உயிர்ச்சேதமின்றித் தப்பிய விபத்து அதிர்ஷ்டமாகக் கருதப்பட்டு மறக்கப்படுமாயின், அடுத்த விபத்துக்கு நாமே நாள் குறித்தவர்களாவோம். அறிக்கையில் எழுதப்பட்ட பரிந்துரை, அன்றிரவு பறக்கும் விமானியின் கைக்குக் கட்டளையாகச் சென்றடையாதவரை அது வெறும் காகிதமே.

கடுமையான பயிற்சியின்றிப் பாதுகாப்பில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், போருக்கான பயிற்சியையும் விழாவுக்கான சாகசத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எமது நாட்டிலும் 2025 ஆம் ஆண்டு மே 9 ஆம் திகதி, மாதுரு ஓயாவில் விசேட படையினரின் பயிற்சி நிறைவு நிகழ்வுக்காகப் பறந்த விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் நீர்த்தேக்கத்தில் வீழ்ந்து ஆறு படையினர் உயிரிழந்தனர். பார்வையாளரின் கரகோஷத்துக்காக எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்ற கேள்வியை லூமுட்டும் மாதுரு ஓயாவும் ஒருசேர எழுப்புகின்றன.

விசாரணைக் குழுக்களை நியமிப்பதுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. கண்டறியப்பட்டவை பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தனவா என்பது காலத்துக்குக் காலம் பரிசீலிக்கப்பட வேண்டும். உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு அரசுகள் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதை, இராணுவ மரியாதையுடனான நல்லடக்கத்தைக் காட்டிலும் இதுவே என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.