‘அந்த நாள்’ எந்த ஊர் ராஷோமோன்?

‘அந்த நாள்’ படத்தைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தால் போதும், கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் முந்திக்கொள்வார்: “ராஷோமோனைப் பார்த்து எடுத்ததுதானே?” பாராட்டுகிறவரும் இதையே சொல்வார், மட்டம் தட்டுகிறவரும் இதையே சொல்வார். முதலாமவருக்கு அது பெருமை. 1954லேயே நம்மவர்கள் ராஷோமோனை எடுத்த ஜப்பானிய இயக்குநர் குரோசவாவைத் தொட்டுவிட்டார்கள். இரண்டாமவருக்கு அது திருட்டு. இருவருக்கும் நடுவில் படம் கேட்பாரற்று நிற்கிறது. சினிமா வரலாறுகளும் மேடைப் பேச்சுகளும் இந்த ஒற்றை வாக்கியத்தைக் கைமாற்றிக் கைமாற்றி, படத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்கும் அது இன்று மனப்பாடம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தவர் அதைச் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ராஷோமோனைப் பார்த்த பிறகுதான் ‘அந்த நாள்’ இயக்குநர் எஸ். பாலசந்தருக்கு இந்தக் கதை தோன்றியது என்பார்கள். இருக்கட்டுமே. 1951இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம் அது. உலகத்தில் பாதி இயக்குநர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள்தான். பொறி எங்கிருந்து வந்தது என்பது வேறு, அடுப்பில் வெந்தது என்ன என்பது வேறு. நம் விமர்சகர்கள் பொறியோடு நின்றுவிட்டார்கள்.

வெந்தது என்ன என்று பார்ப்போம். ராஷோமோனில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் வருகிறான்; வாள் சண்டையில் நான்தான் கொன்றேன் என்கிறான். மனைவி வருகிறாள்; கையில் குத்துவாளோடு மயங்கினேன், விழித்தபோது அது அவர் மார்பில் இருந்தது என்கிறாள். செத்தவனே ஆவியாக, ஒரு பூசாரிணியின் வாய் வழியே பேசுகிறான். நானே குத்திக்கொண்டேன் என்கிறான். மூன்று பேரும் பழியைத் தம் மேலேயே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஏன்? கொலைகாரன் என்ற பெயரைவிடக் கோழை என்ற பெயர் அவர்களுக்குக் கசக்கிறது. மானத்துக்காகச் சொல்லும் பொய் அது. அந்தப் படத்தின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது.

இப்போது சென்னைக்கு வாருங்கள். ரேடியோ என்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனின் ஆசைநாயகி அம்புஜம், பக்கத்தில் குடியிருக்கும் சின்னையா. விசாரணை தொடங்கியதும் ஒவ்வொருவர் விரலும் இன்னொருவரைக் காட்டுகிறது. பழியை ஏற்க ஆள் இல்லை, தள்ளிவிடத்தான் ஆள். மானத்தைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை, தலை தப்பினால் போதும். சொத்துத் தகராறு, குடும்பப் பகை, கள்ள உறவு என்று ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டின் அழுக்கு மூட்டை ஒவ்வொரு வாக்குமூலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது. ராஷோமோனைத் தலைகீழாகக் கவிழ்த்த ஏற்பாடு இது. கவிழ்த்ததைப் பார்த்து ‘நகல்’ என்கிறோம்.

இன்னொன்று. குரோசவாவின் நான்கு சாட்சிகளும் ஒரே மத்தியானத்தை, ஒரே காட்டில் நடந்த ஒரே சம்பவத்தைத்தான் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். விறகுவெட்டி கடைசியில் சொல்வதைக்கூட முழுதாக நம்ப முடியாது. குத்துவாளை எடுத்துக்கொண்டவன் அவன். உண்மை கிடைக்காமலே படம் முடிகிறது. ‘அந்த நாள்’ மனிதர்கள் சொல்வதோ ராஜனோடு தாங்கள் பட்ட வெவ்வேறு சச்சரவுகள். அவர்களுடைய சந்தேகங்கள் தவறலாம்; ஆனால் அவர்கள் காட்டுகிற ராஜன்கள் எல்லாருமே நிஜம். தம்பிக்குக் கஞ்சன், ஆசைநாயகிக்குக் காதலன், மனைவிக்கு இலட்சியவாதி. படத்தின் மகா பொய்யன் செத்துக் கிடக்கிறவன்தான். உண்மை இங்கே கிடைக்காமல் போகவில்லை. துண்டு துண்டாகக் கிடந்ததைச் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். சேர்க்கிறவர் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம், அதாவது திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே. ராஷோமோனில் விசாரிக்கிற நீதிபதியின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. சாட்சிகள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள், தீர்ப்பு நம் தலையில் விழுகிறது. இங்கே எழுத்தாளரே துப்பறிகிறவராக வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போகிறார். ஒன்று உண்மையின் மேல் அவநம்பிக்கை கொண்ட படம், மற்றது விசாரணையின் மேல் நம்பிக்கை வைத்த படம். எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை.

‘அந்த நாள்’ படத்துக்கு உறவுக்காரர்கள் வேண்டுமென்றால் ஜப்பானியக் காட்டில் தேடாதீர்கள். 1940களின் ஹாலிவுட் குற்றப் படங்களில், பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயர் வைத்தார்களே, அங்கே தேடுங்கள். ராபர்ட் சியோட்மாக்கின் ‘தி கில்லர்ஸ்’ (1946) தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நாயகனைக் கொன்றுவிடும். அப்புறம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆள் ஊர் ஊராகப் போய், செத்தவனை அறிந்தவர்களின் வாய் வழியே அவன் வாழ்க்கையைத் திரட்டுவான். ஆட்டோ பிரெமிங்கரின் ‘லாரா’ (1944) செத்துப்போனதாக நம்பப்படும் ஒரு பெண்ணை மற்றவர்களின் நினைவிலிருந்து வரையும். எல்லாவற்றையும்விட நெருக்கம், அந்தோணி ஆஸ்குவித் இங்கிலாந்தில் எடுத்த ‘தி உமன் இன் குவெஸ்சன்’ (1950). கொலையான பெண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாக நினைவுகூர்கிறார்கள், போலீஸ் அதிலிருந்து கொலையாளியைப் பிடிக்கிறது. இந்த வரிசையில் ‘அந்த நாள்’ படத்தை வைத்தால் ஒரு நாற்காலிகூட இடிக்காது. ஆனால் ஆஸ்குவித் பெயரைச் சொன்னால் யாருக்கும் சிலிர்க்காதே! குரோசவா என்றால்தான் கௌரவம்.

ஒளியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஒளிப்பதிவாளர் மியாகாவா ராஷோமோனில் காமிராவைச் சூரியனுக்கு நேராகவே தூக்கிப் பிடித்தார். கொலை நடப்பது பட்டப்பகல் வெயிலில். ‘அந்த நாள்’ படத்தில் மாருதி ராவின் காமிரா வீட்டுக்குள்ளே திரிகிறது. அறை, மாடிப்படி, முகத்தில் பாதியைத் தின்றுவிடும் நிழல். ராஜன் சுடப்பட்டு நம்மை நோக்கிச் சாய்கிற அந்த முதல் காட்சி அப்பட்டமான நுவார். அதுவும் யாரை? ராஜனாக நடித்த சிவாஜி கணேசனை. ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம். சிவாஜியின் வசனத்தைக் கேட்கவே சனம் கொட்டகைக்கு வந்த காலம். அவரை வாய் திறக்குமுன்னே சாகடித்துப் படத்தைத் தொடங்க, இருபத்தேழு வயது இயக்குநருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேசுவோம் என்றால், “ராஷோமோன்...” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் தமிழ்ப் படம்தான் வேண்டுமென்றால் ‘விருமாண்டி’ (2004) இருக்கிறது. ராஷோமோன் என்ற பேச்சு அங்கே ஓரளவு பொருந்தும். அசல் மறு ஆக்கமே வேண்டுமென்றால் மார்ட்டின் ரிட்டின் ‘தி அவுட்ரேஜ்’ (1964) இருக்கிறது. இரண்டு பேர் சாட்சி சொன்னாலே ராஷோமோன் என்றால், நம் ஊர் முன்சீப் கோர்ட்டில் தினம் பத்து ராஷோமோன் ஓடுகிறது.

படத்தில் பாட்டு இல்லாத சமாசாரத்தையும் இதோடு ஒட்டவைத்தே சொல்வார்கள்: பாட்டு இல்லை, படம் ஓடவில்லை, காலத்தை முந்திவிட்டது. அதே 1954இல் கே.ஏ. அப்பாஸ் ‘முன்னா’வைப் பாட்டில்லாமல் எடுத்தார், 1937லேயே வாடியா சகோதரர்களின் ‘நவ்ஜவான்’ பாட்டில்லாமல் வந்தது. ஒரு படத்தில் இல்லாததை வைத்தே அதை மதிப்பிடுவது எவ்வளவு காலத்துக்கு?

இருப்பதைச் சொல்கிறேன். கொலைகாரர் யார் என்பதும் இதில் வந்துவிடும்; இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது தெரியாதவர் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். துப்பாக்கி வெடித்தது மனைவி உஷாவின் கையிலிருந்து. தேசபக்தியில் ஊறிய பெண்; புருஷன் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிறான் என்று கண்டுபிடிக்கிறாள். ஹாலிவுட் நுவாரில் புருஷனைக் கொல்கிற அல்லது கொல்லவைக்கிற மனைவி பணத்துக்காகவோ கள்ளக் காதலுக்காகவோ அதைச் செய்வாள். ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் ஃபில்லிஸ் அதற்கு உதாரணம். பாலசந்தர் அதே துப்பாக்கியைப் பதிவிரதையின் கையில் கொடுத்தார். தாலியா தேசமா என்ற கேள்வியை, மங்களகரமான முகத்துக்குப் பேர்போன பண்டரிபாயை வைத்துக் கேட்டார். தமிழ்ப் படத்தில் அதற்கு முன் அப்படி ஒருத்தி சுட்டதாக எனக்கு நினைவில்லை. குரோசவாவிடம் இந்தக் கேள்வியின் சாயல்கூடக் கிடையாது.

அந்த நாள் எந்த நாள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது. அதை ஒட்டித்தான் படத்தின் கொலை. அதே மாதம் 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். ஜப்பானின் துணையோடு. அவருடைய படையில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அப்படியானால் 1943இல் ஜப்பானோடு கைகோத்தவன் துரோகியா, விடுதலை வீரனா? ராஜனுக்குப் படம் கொடுக்கிற காரணம் தனிமனிதக் கசப்பு. தன் திறமைக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று மனம் கெட்டுப்போன விஞ்ஞானி அவன். அவனை அந்தக் கசப்புக்குள்ளேயே அடைத்துவிட்டதால், அவன் செய்தது உஷாவின் கண்ணில் துரோகமாகவே நின்றுவிடுகிறது. நேதாஜியைத் தெய்வமாகக் கொண்டாடிய சனத்தின் முன்னால், போஸின் பெயர் எழுப்பக்கூடிய சங்கடத்தை நேருக்கு நேர் சந்திக்க பாலசந்தரும் ஜாவரும் தயங்கியிருக்கிறார்கள். உஷாவின் குண்டு அவ்வளவு சுத்தமானதில்லை. சுத்தமானதுதான் என்று படம் நம்மை நம்பவைக்கிறது. படத்தைத் திட்ட வேண்டுமா? இந்த இடத்தில் வந்து திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.