ஆலோசகர் நாற்காலி காலியாக இருக்கலாமா?

பள்ளிக்கூடத்துக்கு மனநல ஆலோசகர் வேண்டும் என்று சொன்னால், "அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பணக்காரன் பிள்ளை சோர்ந்துபோனால் தனி மருத்துவர் வருவார். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் வருவார்?

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. எல்லாம் தேர்வுத் தோல்விதான் என்று எண்ணிவிட வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் தெரியாத துன்பங்கள் எத்தனையோ!

திங்கட்கிழமை தோறும் ஒரு பையன் பள்ளிக்கு வருவதில்லை. வருகைப் பதிவேடு 'வரவில்லை' என்று மட்டுமே சொல்லும். ஏன் வரவில்லை என்று தனியே உட்கார்த்தி வைத்துக் கேட்பவர்தான் ஆலோசகர். தகப்பனுக்கு வேலை போய்விட்டது, பையன் ஞாயிறு இரவு முழுவதும் கடையில் மூட்டை தூக்குகிறான் என்று அப்போதுதான் தெரியவரும். தகப்பனை அழைத்துத் தலைகுனிய வைக்காமல் பேசுவதும், உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வழி காட்டுவதும், தேவையானால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர் வேலை. பிள்ளை சொன்னதை ஊருக்கு உரைக்கலாகாது. ஆனால் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் மறைக்கலாகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே தீர வேண்டும்.

இத்தனையையும் கணக்கு வாத்தியார் தலையில் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்போரும் இருக்கிறார்கள். அவர் வினாத்தாள் திருத்துவாரா, வீட்டுச் சண்டை தீர்ப்பாரா? 14417 என்ற உதவி எண்ணைத் தமிழக அரசு 2018-இல் தொடங்கியது, நல்லதே. ஆனால் தொலைபேசிக்குப் பிள்ளையின் முகம் தெரியாதே!

நாம் கேட்பது சலுகையுமல்ல. நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றமே கட்டளையிட்டது. அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஆலோசகரை அமர்த்தினால் மட்டும் ஆயிற்றா? பகல் பதினொரு மணிக்குப் பெற்றோரை வரச்சொன்னால், தகப்பன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அல்லது தாய் இழக்க வேண்டும். ஷிப்டு முடிந்து வருபவருக்காக மாலையிலும் கதவு திறந்திருக்க வேண்டாமா?

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தோழர்கள் தவறாமல் போகவேண்டும். ஆலோசகர் யார், எந்தெந்த நாள் வருகிறார், மாலை எத்தனை மணி வரை இருப்பார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.