பூட்டு ஒரு கதவுக்கு மட்டும்

இணையத்தில் வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் வயது முத்திரை வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் தில்லி விதி வகுத்தது. 7, 13, 16 என்று படிகள்; 13-ம் அதற்கு மேலும் என்றால் பெற்றோர் பூட்டு கட்டாயம். சரி, மூன்று வயதுக் குழந்தை பார்ப்பது தொடர்களையா? யார் வேண்டுமானாலும் ஏற்றும் கார்ட்டூன் துணுக்குகளுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. அப்படி வந்த ஒரு போலி பெப்பா பிக் கார்ட்டூனில், ராட்சத ஊசியோடு வந்த டாக்டர் பல்லைப் பிடுங்க, பன்றிக்குட்டி அலறியது. இது போன்றவை யூட்யூப் கிட்ஸுக்குள்ளேயே நுழைந்துவிட, 2017 நவம்பரில் நிறுவனம் 50-க்கும் அதிகமான சேனல்களை நீக்கியது. பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டுமே ஓடும்படி அதில் இப்போது அமைத்துவிடலாம். தேடும் வசதியும் அடைபட்டுவிடும். சில நிமிட வேலை. ஆனால் சோறு ஊட்டும் அவசரத்தில் குழந்தையின் கைக்குப் போவது அப்பாவின் போன். அதில் இருப்பதோ பெரியவர்களின் யூட்யூப்.