சென்சரைத் தொட்டால் என்ன நடக்கும்?

கமரா வைத்திருக்கிற ஆரோடையும் கதைத்துப் பாருங்கள். லென்ஸ் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். எந்த வெளிச்சத்துக்கு என்ன ஷட்டர் வேகம் எண்டு வகுப்பே எடுப்பார்கள். "உங்கட சென்சரைக் கடைசியா எப்ப துப்பரவாக்கினீங்கள்?" எண்டு கேட்டால் மட்டும் முகம் மாறும். "ஐயோ, அதில கை வைக்கக்கூடாது" எண்டதுதான் பதில். ஏன் எண்டு திருப்பிக் கேட்டால், ஆரோ சொன்னவை, எங்கேயோ கேள்விப்பட்டது எண்டு அந்தக் கதை அப்படியே கரைந்துபோகும்.

இந்தப் பயத்தில பாதி நியாயம், பாதி கட்டுக்கதை. என்ர நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுறன். கமரா பாவிக்கிற ஒவ்வொருத்தரும் சென்சரில் தூசி இருக்கா எண்டு பார்க்கவும், இருந்தால் வீட்டிலேயே அதைத் துப்பரவாக்கவும் பழகவேணும். எல்லா அழுக்கையும் நாங்களே எடுக்கலாம் எண்டு நான் சொல்லவில்லை. ஆனால் எது எங்களால் முடியும், எது முடியாது எண்டதை நாங்கள் பார்த்து முடிவெடுக்கவேணும். பயம் எங்களுக்காக முடிவெடுக்கக்கூடாது.

முதலில் தூசி ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை எண்டு பார்ப்போம். பிலிம் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துண்டு பிலிம் வந்து நிற்கும். அதில தூசி விழுந்தாலும் அந்தப் படத்தோடை போய்விடும். டிஜிட்டலில் எல்லாப் படத்துக்கும் அதே சென்சர்தான். இண்டைக்கு விழுந்த தூசி நாளைக்கும் அதே இடத்தில இருக்கும். ஒரு திருவிழாவில் நானூறு படம் எடுத்தால் நானூறிலும் வானத்தில அதே மூலையில் அதே சாம்பல் பொட்டு.

அது எல்லாப் படத்திலும் ஒரே மாதிரித் தெரியாததுதான் ஆட்களைக் குழப்புகிறது. அப்பேச்சரை எஃப் 2 இல் அகலத் திறந்து முகம் எடுத்தால் பொட்டு தெரியாது. எஃப் 16 க்குச் சுருக்கி வயல்வெளியும் வானமும் எடுத்தால் பளிச்செண்டு தெரியும். காரணம் இதுதான்: தூசி சென்சரோடை ஒட்டி இருப்பதில்லை, அதுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கிற கண்ணாடியில்தான் இருக்கிறது. அகலமான திறப்பில் ஒளி பல கோணத்தில் வந்து விழும், தூசியின் நிழல் கரைந்துபோகும். சின்னத் திறப்பில் ஒளி ஒடுங்கி வரும், நிழல் கூர்மையாக விழும். டியூப்லைட்டுக்குக் கீழே கையின் நிழல் மங்கலாகவும், சின்ன டோர்ச் வெளிச்சத்தில் கூர்மையாகவும் விழுவது போலத்தான்.

மேலே சொன்ன அந்தக் கண்ணாடிதான் இந்த விவாதத்தின் மையம். "சென்சரைத் தொட்டால் போச்சு" எண்டு சொல்லுறவர்கள், துப்பரவாக்கும்போது சிலிக்கனையே தேய்க்கிறம் எண்டு நினைக்கிறார்கள். சென்சருக்கு முன்னால அகச்சிவப்பு ஒளியை மறிக்கிற கண்ணாடி வடிகட்டி ஒண்டு இருக்கிறது. நாங்கள் தொடுகிறது அதைத்தான். அதுக்காக அதைச் சட்டை நுனியால் துடைக்கலாம் எண்டு அர்த்தம் இல்லை. அதில மெல்லிய பூச்சு இருக்கு, மணல் துகள் ஒண்டு மாட்டுப்பட்ட நிலையில் அழுத்தித் தேய்த்தால் கீறும். கவனம் வேணும், பயம் வேண்டாம். இரண்டும் ஒண்டில்லை.

கமரா செய்கிற கம்பனிகளுக்கும் இது தெரியாத விசயம் இல்லை. 2003 இல் வந்த ஒலிம்பஸ் ஈ-1 கமராவிலேயே, சென்சருக்கு முன்னால இருக்கிற வடிகட்டியை மிக வேகமாக அதிரச் செய்து தூசியை உதறிவிடுகிற முறை இருந்தது. பிறகு மற்றக் கம்பனிகளும் அதே வழிக்கு வந்தன. ஆனால் உதறினால் விழாத தூசியும் இருக்கு. 2012 இல் வந்த நிக்கோன் டி600 இன் கதை இதுக்கு நல்ல உதாரணம். லென்ஸ் மாற்றும்போதுதான் தூசி வரும் எண்டு நம்பியிருந்த காலத்தில், அந்த மொடலில் படம் எடுக்க எடுக்கப் பொட்டுகள் கூடிக்கொண்டே போயின. பாவித்தவர்கள் தங்கட படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். கடைசியில் 2014 இல் நிக்கோன் இலவசமாகப் பரிசோதித்து, தேவையெண்டால் ஷட்டரை மாற்றித் தருகிறோம் எண்டு அறிவித்தது. எனக்கு இதில பிடித்த விசயம், பாவனையாளர்கள் தங்கட சென்சரைத் தாங்களே பரிசோதிக்கத் தெரிந்து வைத்திருந்ததுதான். அது தெரியாமல் இருந்திருந்தால், "நீ லென்ஸை ஒழுங்கா மாத்தேல்லை" எண்ட ஒரு வசனத்தோடை அவர்களின் வாய் அடைபட்டிருக்கும்.

இனி எங்கட ஊருக்கு வருவோம். சோளகக் காற்றுக் காலத்தில் யாழ்ப்பாணத்தில மேசையைத் துடைத்துவிட்டு திரும்பினால் மறுபடி புழுதி. அதே காலத்தில்தான் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். வீதி முழுக்க மணல், காற்றில கற்பூரப் புகை, சனநெரிசலுக்குள்ள நிண்டு லென்ஸ் மாற்றவேணும். இப்படிப்பட்ட இடத்தில தூசி வராமல் பார்க்க ஏலாது.

வந்த தூசியை எடுக்க எங்கே போறது? ஊரில திறமையான ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. பலருக்கு கொழும்புக்கு அனுப்புறதுதான் தெரிந்த வழி. யாழ்ப்பாணத்தில இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். போக ஒரு நாள், வர ஒரு நாள், அங்கே இருக்கிற நாள் வேற. 2022 இல் டொலர் 200 ரூபாவில இருந்து 360 ஐத் தாண்டின பிறகு புதுக் கமரா எண்ட கதையே எங்களில் பலருக்கு முடிஞ்சு போச்சு. இப்ப எங்கட கையில இருக்கிறது பழைய கமரா, ஆரோ வெளிநாட்டு மாமா குடுத்தது, இல்லாட்டி ஏழெட்டுப் பேர் மாறி மாறிப் பாவிக்கிறது. அப்படிப்பட்ட கமராவுக்குத்தான் பராமரிப்பு அதிகம் தேவை. அதைப் பாவிக்கிற எங்களுக்குத்தான் அந்த அறிவு தரப்படுவதில்லை.

பல்கலைக்கழகங்களில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கமரா அலுமாரிக்குள்ள பூட்டி இருக்கும். திறப்பு ஒரு ஆளிட்டை. நிகழ்வு எண்டால் வெளியே வரும், முடிய உள்ளே போகும். லென்ஸைக் கழட்டுற உரிமை சீனியர் அண்ணாமார் இரண்டு பேருக்கு மட்டும். கலைப்பீடத்தில் பெண்பிள்ளைகள்தான் கூட, ஆனால் கமராவைச் சுற்றி நிக்கிற கூட்டத்தில அவர்களைக் காண்பது அரிது. "தங்கச்சி, கவனம், அது விலை கூடின சாமான்" எண்டு சொல்லி வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு பொருளின் உள்பக்கத்தைத் திறக்கலாம் எண்ட தைரியம் ஆருக்கு வளர்க்கப்படுகுது, ஆருக்கு வெட்டப்படுகுது எண்டு பார்த்தால், தூசிக் கதை வெறும் தூசிக் கதையாக நிற்பதில்லை.

சரி, செய்கிறது எப்படி? முதலில் பரிசோதனை. ஐ.எஸ்.ஓ 100, அப்பேச்சர் எஃப் 16 அல்லது 22. ஃபோக்கசைக் கையால மாற்றி வேணுமெண்டே மங்கலாக்கி, வெறும் வானத்தையோ கொம்பியூட்டரின் வெள்ளைத் திரையையோ எடுங்கள். ஷட்டர் நேரம் நீளும், கை ஆடினாலும் பரவாயில்லை, தூசி ஆடாது. படத்தைப் பெருப்பித்து மூலை மூலையாகப் பாருங்கள். லென்ஸ் சென்சரில் விழுத்துற படம் தலைகீழ். அதனால் படத்தில மேலே தெரியிற பொட்டு, முன்பக்கத்தால் பார்க்கும்போது சென்சரின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும். இடது வலது மாறாது.

பிறகு ஊதல். ரப்பர் ஊதுபந்து ஒண்டு வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்தி, காற்று அடங்கின அறையில் இருங்கள். பற்றறி முழுக்க சார்ஜ் ஆகியிருக்கவேணும். டிஎஸ்எல்ஆர் கமராவில் மெனுவில் துப்பரவாக்குறதுக்கான தெரிவைப் போட்டால் மிரர் மேலே போய், ஷட்டர் திறந்து நிற்கும். இடையில பற்றறி செத்தால் எல்லாம் படாரெண்டு மூடும். கமராவின் வாயைக் கீழ்ப்பக்கம் பிடித்து, ஊதுபந்தின் நுனியை உள்ளே நுழைக்காமல் ஏழெட்டுத் தரம் ஊதுங்கள். மறுபடி பரிசோதனைப் படம் எடுங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல போயிருக்கும். பலருக்கு இதோடை வேலை முடிஞ்சுது.

போகாமல் ஒட்டியிருக்கிறதுக்குத்தான் ஈரத் துப்பரவு. சென்சர் அளவுக்கெண்டே செய்த சுவாப் வேணும்: ஏபிஎஸ்-சி எண்டால் 16 மில்லிமீற்றர், முழுச்சட்டகம் எண்டால் 24. அதுக்கெண்டு விற்கிற திரவத்தில் ஒண்டு, இரண்டு துளி காணும். ஒரு ஓரத்தில இருந்து மற்ற ஓரத்துக்கு மெல்ல ஒரே இழுவை. பிறகு சுவாப்பைத் திருப்பி, மற்றப் பக்கத்தால திரும்பி ஒரு இழுவை. அவ்வளவுதான். அந்தச் சுவாப்பை எறிந்துவிடுங்கள். காசு மிச்சம் பிடிக்க இரண்டாம் தரம் பாவித்தால் எடுத்த மணலாலேயே கீறுவீர்கள். இந்தத் திரவங்கள் பலதில் மெதனோல் இருக்கும், விளக்குக்குக் கிட்ட வைக்க வேண்டாம்.

செய்யவே கூடாதது நாலு. வாயால ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். காது துடைக்கிற பஞ்சுக்குச்சி கூடாது, நார் விடும். அழுத்தக் காற்று அடைத்த டின் கூடாது, உள்ளேயிருக்கிற திரவம் பீச்சிக் கறை பிடிக்கும். ஊதாமல் நேரடியாகத் துடைக்கவும் கூடாது.

"ஃபோட்டோஷொப்பில அழிக்கலாம்தானே?" எண்டு கேட்பீர்கள். ஒரு படத்துக்கு அழிக்கலாம். நானூறுக்கு இருந்து அழித்துப் பாருங்கள். ஆவணப்படுத்தல் செய்கிறவர்களுக்கு இதில இன்னொரு பக்கமும் இருக்கு. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியின் விதிகளே சென்சர் தூசியை அழிக்க அனுமதிக்கின்றன, அது குற்றம் இல்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில இருக்கிற படத்தையோ, ஒரு காணிப் போராட்டத்தின் படத்தையோ எடுக்கிற ஆள், "இதில என்ன அழிச்சனீ?" எண்ட கேள்விக்கு இடமே வைக்காமல் இருக்கிறது நல்லது. தொடாத கோப்பைக் காட்டி வாதாடுறது எப்பவும் லேசு.

"அப்ப கடைக்காரரின் பிழைப்பு?" எண்டும் ஒரு கேள்வி வரும். அவர்களுக்கு வேலை குறையாது. எண்ணெய்க் கறை, லென்ஸுக்குள்ள பூஞ்சணம், ஷட்டர் பழுது எல்லாம் பழகின கைக்குரிய வேலை. உத்தரவாதக் காலம் முடியாத கமராவும், கை நடுங்குகிற ஆளும் கடைக்கே போகட்டும். சென்சரே ஆடி அசைந்து கை நடுக்கத்தைச் சரிசெய்கிற மிரர்லெஸ் கமராக்களில், கமராவின் கைநூலை வாசிக்காமல் சுவாப்பை எடுக்க வேண்டாம். வீட்டில காய்ச்சலுக்கு ரசம் வைக்கிறதால வைத்தியருக்கு வேலை இல்லாமல் போறதில்லைத்தானே.

இதை வாசிக்கிற மாணவர் ஒன்றியங்களிடமும் கமராக் குழுக்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருசமும் புதுப் பிள்ளைகள் வந்த உடனே ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். ஒரு ஊதுபந்து, ஒரு பெட்டி சுவாப், ஒரு பழைய கமரா. எல்லாருக்கும் லென்ஸைக் கழட்டக் குடுங்கள், எல்லாரும் பரிசோதனைப் படம் எடுக்கட்டும், எல்லாரும் ஊதட்டும். கமராவை எப்ப, ஆர் துப்பரவாக்கினது எண்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கள். அந்த அலுமாரியின் திறப்பை ஆரும் வைத்திருக்கட்டும். உள்ளே இருக்கிற கமராவைப் பற்றின அறிவு மட்டும் ஒரு ஆளிட்டைப் பூட்டிக் கிடக்கக்கூடாது.