நாய்க்கு ஊசி உண்டு, மனுஷனுக்கு?

ஒருநாள் ஹாஸ்டல் மெஸ்ஸில் 'காலா அசார்' என்று சொன்னேன். "என்ன மாப்ளே, புது இந்திப் படமா?" என்றான் என் அறைத்தோழன். நானும் சிரித்துவிட்டேன். பீகாரில் ஒரு மண்குடிசைக்காரரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல். மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே தள்ளும். ரத்தம் வற்றி உடம்பு கரையும். சிகிச்சை இல்லாவிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் சாவுதான். பரப்புவது, கொசுவில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் மணல் ஈ. ஈரத்தரை, சுவர் வெடிப்பு, மாட்டுக்கொட்டகை, இவைதான் அதன் குடியிருப்பு. அதாவது ஏழை வீடு.

நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1903-ல் இந்தக் கிருமியைக் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் டோனவன், நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இருந்தவர். இங்கிலாந்தில் கண்டவர் லெய்ஷ்மன். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் 'லெய்ஷ்மேனியா டோனவானி'. பெயர் வைத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. காலா அசாரைத் தடுக்க மனிதனுக்கென்று அனுமதி பெற்ற தடுப்பூசி இன்றுவரை இல்லை.

"மருந்துதான் இருக்கேடா, கேஸும் குறைஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குக் கோடிக்கணக்கில் செலவு?" என்கிறான் தோழன். நியாயமான கேள்விதான். 1992-ல் இந்தியாவில் 77,000 பேருக்கு மேல் வந்த நோய், 2023-ல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே ஆண்டு பங்களாதேஷ், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இதை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் பெயர் வாங்கியது. நான் மறுக்கவில்லை.

ஆனால் இதே கதை முன்பும் நடந்ததே! மலேரியாவுக்காக அடித்த டி.டி.டி.யில் மணல் ஈயும் செத்து, 1960-களில் காலா அசார் ஏறக்குறைய மறைந்தது. மருந்தடிப்பது நின்றதும் 1970-களில் பீகாரில் திரும்ப வந்தது. பிறகு ஆன்டிமனி ஊசி பல இடங்களில் கிருமியிடம் தோற்றது. டி.டி.டி.க்கும் மணல் ஈ பழகிவிட்டது. குணமானவர்களில் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துத் தோலில் தடிப்பு வருகிறது. அதில் கிருமி உயிரோடு காத்திருக்கும்.

நம் மெயின்டனன்ஸ் பாடத்தில் என்ன படித்தோம்? பேரிங் உடைந்தபின் மாற்றுவது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். பரீட்சையில் அதைவிட மேல் எது என்று நாமே பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இப்போதைய ஒரே டோஸ் ஆம்போடெரிசின் மருந்தையே 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தடுப்பூசிக்கும் ஐஸ் பெட்டி வேணுமே என்பீர்கள். வேணும்தான். ஆனால் போலியோ சொட்டு மருந்துக்காக பீகார் கிராமம் வரை அந்தப் பாதை போட்டாகிவிட்டதே!

முடியாத காரியமும் இல்லை. ஒருமுறை வந்து குணமானவருக்குப் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. இதன் தங்கச்சி நோயான தோல்புண்ணுக்கு, மேற்காசியாவில் அந்தப் புண்ணின் சீழையே எடுத்து, முகத்தில் தழும்பு விழாமலிருக்க மறைவான இடத்தில் குத்திக்கொள்ளும் வழக்கம் முன்பே இருந்தது. சிலருக்குப் புண் ஆறவில்லை, அதனால் பல நாடுகள் கைவிட்டன. இன்று கிருமியின் ஒரு மரபணுவை வெட்டியெடுத்து, நோய் தராத கிருமியைச் செய்து விலங்குகளில் சோதித்துவிட்டார்கள்.

பிரேசிலிலும் ஐரோப்பாவிலும் நாய்களுக்கு இந்நோய்த் தடுப்பூசி கடைக்கே வந்தது. நாய் வளர்ப்பவரிடம் காசு உண்டு, கம்பெனிக்கு வியாபாரம் உண்டு. மண்குடிசைக்காரரிடம் என்ன உண்டு? அதனால்தான் இந்தச் செலவை அரசாங்கங்கள் ஏற்கவேண்டும் என்கிறேன்.

தோழன் விடவில்லை. "கேஸே இல்லாத ஊர்ல ஊசியை யார்கிட்ட சோதிப்பே?" என்றான். பாயிண்ட்தான். ஆனால் இன்று இந்நோய் அதிகம் இருப்பது சூடான், எத்தியோப்பியா, கென்யா பக்கம். அங்கே பல்லாண்டுகளாகக் கொடுத்துவந்த சிகிச்சை எது தெரியுமா? தினமும் இரண்டு ஊசி, 17 நாள். சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "குழந்தைக்குமா?" என்றான்.

"குழந்தைக்கும்தான்" என்றேன்.